பத்துக்கு மேல் இல்லை

சிலாவோஸ் சாலை வளைவொன்றில்
பேருந்து எங்களை உதறிவிட்டுப் போனபோது
மணி ஆறேகால்.
பலகையில் கிலோமீட்டர் கிடையாது.
தாயிபித் கணவாய், இரண்டரை மணி நேரம்.
அவ்வளவுதான்.
யாருடைய இரண்டரை மணி என்று
கணக்கு வாத்தியார் நான் கேட்டேன்.
"ஆட்டினுடையது" என்றாள் நதாலி,
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து
கண்ணில் தூக்கம் ஒட்டியபடியே வந்தவள்.

தியெரி லாரி ஓட்டுகிறவன். இடது முட்டி சரியில்லை.
மூட்டை மட்டும் எல்லாரையும்விடப் பெரிது.
அப்புறம் யானிக் சினிமாலே.
காரைக்காலிலிருந்து வந்த புதிதில்
அந்தப் பெயரைக் கேட்டு, சினிமாவா என்றேன்.
வெகுநாள் கழித்து, தூக்கம் வராத ஒரு ராத்திரியில்
சின்னமலையாக இருக்குமோ என்று பட்டது.
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
மலை ஏறப் போகிறவனிடம்
சொல்லக்கூடிய சேதியா அது?

சவுக்கு மரங்கள் முடிந்து
வேர்களே படிகளான ஏற்றம்.
தோள்பட்டையில் வார் அறுக்கிறது.
முன்னால் யானிக் எண்ணிக்கொண்டே போகிறான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு,
கோயிலில் தேங்காய் எண்ணக் கற்ற தமிழ்,
எட்டு, ஒம்பது, பத்து.
அதற்கு மேல் அவனிடம் இல்லை.
மறுபடி ஒண்ணு.

பதினொன்று என் நாக்கு நுனிவரை வந்தது.
மூச்சு வாங்கியதில் விழுங்கிவிட்டேன்.
நல்லதாயிற்று.
கணவாய் உயரம் இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர்,
அதை நினைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.
பத்து அடி யாராலும் முடியும்.
நதாலியும் சேர்ந்துகொண்டாள்,
ஏழை 'ஏலு' என்று மிதித்தபடி.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது.
கீழே மஃபாத்.
சாலை நுழையாத பள்ளம்.
தோட்டங்களிலிருந்து ஓடிவந்த அடிமைகள்
ஒளிந்து வாழ்ந்த இடுக்குகள்.
அவர்கள் இருட்டில் ஏறினார்கள்,
பலகை இல்லாமல், முதுகுக்குப் பின்னால் நாய்களோடு.
தியெரிகூடக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஒரு ஹெலிகாப்டர்
வலையில் எரிவாயு உருளைகளும் கூடைகளும் தொங்க
எங்கள் காலுக்குக் கீழே போனது.
குனிந்து ஹெலிகாப்டர் பார்த்தது
எனக்கு அதுதான் முதல் தடவை.

இறக்கத்தில்தான் முட்டி மடங்கியது.
மார்லா தாண்டி, தாமரெங் மரங்களுக்கு நடுவே,
மேகம் வந்து ஆளை ஆள் மறைத்த நேரத்தில்
"போங்கடா, நான் இங்கேயே குடியிருக்கிறேன்" என்று
சேற்றில் உட்கார்ந்தான்.
நதாலி முட்டியைக் கட்டினாள்.
சுமையைப் பிரித்துக்கொள்ள மூட்டையைத் திறந்தோம்.
ஒரு சட்டை. ஒரு குடை. மத்தி மீன் டப்பா.
அடியில்,
செய்தித்தாளில் பிள்ளைபோல் சுற்றி,
மூன்று அன்னாசி.

"பாவம், மலைக்குள் இருக்கிற மதாம் பெக்குக்கு.
அங்கே எங்கே கிடைக்கும்?"

திட்டிக்கொண்டே இரண்டைத் தின்றோம்.
கத்தியில், விரலில், முழங்கைவரை சாறு.
மீதி ஒன்றை நான் சுமந்தேன்.
அதன் முள் முதுகில் குத்தியது
பலகை சொன்ன ஒரு மணி நேரமும்,
சொல்லாத இரண்டரை மணி நேரமும்.

லா நூவெல் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.
மதாம் பெக் பழத்தை இரண்டு கையாலும் வாங்கினார்,
மோந்து பார்த்தார், தியெரியின் கன்னத்தில் முத்தமிட்டார்.
அவருக்குப் பின்னால், அடுப்படி மூலையில்,
காலையில் வானத்திலிருந்து இறங்கிய கூடை.
அது நிறைய அன்னாசி.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
யானிக் மட்டும் சுவரைப் பார்த்துக் குலுங்கினான்.

எங்கள் பழத்தைத்தான் அறுத்தார்.
கொண்டையைத் திருகி
காலி பால்மாவு டப்பாவில் மண் போட்டு நட்டார்.
"இந்தக் குளிரில் காய்க்க
மூணு வருஷமாவது ஆகும்."
"வந்து எடுத்துக்கிறேன்" என்றான் தியெரி,
முட்டியில் ஈரத்துணியோடு,
"ஹெலிகாப்டரில்."

பயற்றுக் குழம்பு, கொத்தமல்லி வாசம், கொஞ்சம் ரம்.
எட்டு மணிக்கெல்லாம் நதாலி
தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள்.

நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தேன்.
தொடை இரண்டும் என்னுடையவை அல்ல.
வெளியே மலைகள் இருந்தன, தெரியவில்லை.
இருட்டில் தடவித் தடவி இறங்கினேன்.
பத்துப் படி.
அப்புறம்
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.